வாசல் பாட்டுக்குப் பதில் பாட ஆளில்லை

ஹவாய்த் தீவில் கபுனாலோவா ஊர் ஹூலா நடன விழாக் குழுவின் அலுவலக வாசலில் நின்று கவேஹி முதல் தடவை பாடியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மறுபடி பாடியபோது கொட்டியது. இன்னொரு தடவை பாடியபோது, "வெளிய யாரோ பாடுறாங்க போலிருக்கே," என்று உள்ளே ஒரு குரல் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

கதவு அகலத் திறந்துதான் இருந்தது. மேசைக்குப் பின்னால் விழாக் குழுத் தலைவர் வென்டெல் கபுலே, கடற்பாசி சுற்றிய சோற்றுக் கட்டி ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் கவேஹியைப் பார்த்தார். கவேஹி அவரைப் பார்த்தாள். இருவரும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டார்கள். கவேஹி உள்ளே போகவில்லை. போக முடியாது. கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது: "நம் முன்னோர் முறைப்படி வாசல் பாட்டுப் பாடுங்கள். பதில் பாட்டு வந்தபின் உள்ளே வாருங்கள். தட்ட வேண்டாம்."

ஹூலா கற்றவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. ஆசானின் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று பாடிக் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர், வா என்று பாட வேண்டும். பதில் வராமல் காலெடுத்து வைக்கிற பழக்கம் இல்லை. கவேஹிக்கு அறுபத்தேழு வயதாகிறது; அறுபது வருஷமாக இது ரத்தத்தில் ஊறியது. பதில் வராவிட்டால் நனைந்துகொண்டே நிற்பாளே தவிர, நுழைய மாட்டாள்.

"வென்டெல், பாடிட்டேன்ப்பா," என்றாள்.

"கேட்டேன் ஆன்ட்டி. புல்லரிச்சுப் போச்சு. பாருங்க, கையில முடி நிக்குது."

"சந்தோஷம். பதில் பாடு. நனையுறேன்."

"அதுல ஒரு சின்னச் சிக்கல் இருக்கு ஆன்ட்டி. பதில் பாடறது பெர்ல் ஆன்ட்டியோட பொறுப்பு. அவங்க மகனோட லாஸ் வேகஸ் போயிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"அங்க வீடு வாங்கிட்டாங்க."

கவேஹி நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நீ பாடு."

"எனக்கு அந்தப் பாட்டு தெரியாது ஆன்ட்டி."

"ஃபுமியே?"

செயலாளர் ஃபுமியே தட்டச்சுப் பொறிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். "நான் கூட்டக் குறிப்பு மட்டும்தான் ஆன்ட்டி. பாடினா எங்க வீட்டு நாயே வெளிய போயிடும்."

"சும்மா வாய்ப்பேச்சுல ஒரு 'வாங்க' சொல்லிடேன், வென்டெல்."

வென்டெல் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார். "வாய்ப்பேச்சுல கூப்பிட்டா அது மரபு மீறல். விதியைப் போட்டதே நான். நானே மீறினா, நாளைக்கு ஊரு என்ன சொல்லும்?"

"அப்ப நீங்கல்லாம் எப்படி உள்ள போனீங்க?"

"பின்பக்கம் சமையலறைக் கதவு இருக்கு. அது கரும்பாலை மூடுனப்புறம் வெச்ச கதவு. அதுக்கு மரபு கிடையாது."

"நானும் அது வழியா வரேன்."

"அது உறுப்பினர்களுக்கு மட்டும் ஆன்ட்டி."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். கவேஹியால் கத்த முடியவில்லை. அவள் முப்பது வருஷம் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். வென்டெல் இப்போது பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அவள் பேசியதுதான். அதே குரல், அதே வருத்தமான முகம், அதே "சின்னச் சிக்கல்." தன் சட்டையை வேறொருவன் போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்பதைப் பார்ப்பது போல் இருந்தது. போதாததற்கு வென்டெலே சொன்னார்:

"ஆன்ட்டி, பதினாறு வயசுல லைசென்ஸுக்கு வந்து நின்னேன் உங்க முன்னாடி. எல்லாத்தையும் சரியா கொண்டுவந்தேன். 'பேனா மை கறுப்பா இருக்கணும், உன்னது நீலம்'னு திருப்பி அனுப்புனீங்க. மறுநாள் கறுப்பு மையில வந்தேன். 'நேத்து தேதி போட்டிருக்கு'ன்னீங்க. அன்னைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது நினைச்சேன்: விதின்னா இதுதான். ஒருத்தரை எவ்வளவு நேரம் வெளிய நிறுத்தி வைக்க முடியும்கிறதுதான் விதி. நான் இன்னைக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்னா, அது நீங்க போட்ட பிச்சை."

அவர் நிஜமாகவே கண் கலங்கினார். கவேஹிக்கும் கலங்கியது. அவளுக்குக் காரணம் வேறு.

அவள் வந்த விஷயம் இதுதான். அவளுடைய ஹூலாக் குழுவில் எல்லாரும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். ஆசான் கியாவே இவர்களை இத்தனை வருஷமாக எந்த விழா மேடைக்கும் அனுப்பியதில்லை. "ஆடறது மலைக்கும் கடலுக்கும் தெரிஞ்சா போதும்," என்பார். உண்மையான காரணம் கவேஹி போன்றவர்கள் என்று கவேஹிக்குத் தெரியும். கடைசி வரிசையில், உயரமான டோலிக்குப் பின்னால் அவளை நிறுத்தியிருந்தார். எப்போதும் தப்பான பக்கம் திரும்புகிறவளை மறைத்து நிறுத்தியது கலைக்குச் செய்த உதவி. இந்த வருஷம் என்ன தோன்றியதோ, "சரி, ஆடுங்க," என்று சொல்லிவிட்டார். அதே வாரத்தில் ஹொனலூலு மருத்துவர் கவேஹியின் முழங்கால் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்து, "அடுத்த மாசம் ரெண்டையும் மாத்திடலாம். அப்புறம் முட்டியை மடக்கி ஆடற ஹூலா வேண்டாம்," என்றார். ஆக, கவேஹி வாழ்க்கையில் மேடையேற இருந்தது ஒரே விழா. அந்த விழா நிகழ்ச்சி நிரலில் அவர்கள் குழுவின் பெயரைக் காணோம்.

"உன் பேச்சு அவனுங்களுக்குப் புரியும்டி," என்று தோழி டோலி மெடெய்ரோஸ்தான் அவளை அனுப்பினாள். "நீயும் அவனுங்க ஜாதிதானே."

வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே கவேஹி கேட்டாள்: "எங்க குழு பேரு ஏன் இல்ல?"

"அதை உள்ள வந்து பேசணும் ஆன்ட்டி. வெளிய நிக்கிறவங்ககிட்ட உள்விஷயம் பேசக் கூடாது."

ஃபுமியேதான் வழி கண்டுபிடித்தாள். "தலைவரே, பெர்ல் ஆன்ட்டி இடம் காலியாத்தானே இருக்கு. இவங்களை உறுப்பினரா போட்டுட்டா, சமையலறை வழியா வந்துடுவாங்க. வந்துட்டா, பதில் பாடவும் ஆளாச்சு."

வென்டெல் எழுந்து நின்று, வாசலுக்கு உள்பக்கமே நின்று, வெளியே நின்ற கவேஹிக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். கவேஹி வீட்டைச் சுற்றிப் போய், குப்பைத் தொட்டியைத் தாண்டி, சமையலறைக் கதவு வழியாக விழாக் குழுவுக்குள் நுழைந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள், உள்ளே ஒரு துண்டும் சூடான காப்பியும் கிடைத்ததும், நிறுவனம் என்பது அவ்வளவு மோசமானதல்ல என்று நினைத்தாள்.

*

கவேஹியின் குழு ஆடப்போவது கீரிப் பாட்டு. கியாவேயின் தாத்தா கட்டியது. கீரி ஒன்று கோழிக்கூட்டுக்குள் புகுந்து முட்டை திருடும், கோழி துரத்தும், கடைசியில் உடையாமல் மிஞ்சிய முட்டைகளை வீட்டுக்காரி மண்டியிட்டுப் பொறுக்குவாள். ஊரில் எந்தக் கல்யாணத்திலும் யாராவது இதை ஆடாமல் இருந்ததில்லை. இதைத்தான் விழாக் குழு நிறுத்தி வைத்திருந்தது.

"கீரி நம்ம ஊர்ப் பிராணி இல்ல," என்றார் வென்டெல், கூட்டத்தில். "கரும்புக் கம்பெனிக்காரங்க எலி பிடிக்கக் கொண்டுவந்தது. இந்தியாவிலேருந்து வந்தது. வெளிநாட்டுப் பிராணி மரபு மேடையில எப்படி ஆட முடியும்?"

"அது வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சே," என்றாள் கவேஹி.

"நாமளும் நூறு வருஷமா அமெரிக்காக்காரன் கொடிக்குக் கீழதான் இருக்கோம். அதனால நாம அமெரிக்காவோட மரபு ஆயிடுவோமா?"

யாருக்கும் கேள்வி புரியவில்லை.

"கோழி?" என்று கேட்டாள் ஃபுமியே, குறிப்பெழுதியபடி.

"கோழி நம்ம ஆளு. முன்னோரோட தோணியில வந்தது. கோழி ஆடலாம்."

"முட்டை?"

"முட்டை கோழியோடது. அதுவும் ஆடலாம். கீரிதான் பிரச்சனை."

ஆசான் கியாவே மூலையில் உட்கார்ந்திருந்தார். சாலைப் பணியில் ரோலர் ஓட்டுகிறவர், மலை மாதிரி உடம்பு, பேச்சு குறைவு. "கீரி இல்லாம முட்டையை யாரு திருடுறது?" என்று மட்டும் கேட்டார்.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதைக் கவேஹிதான் முன்மொழிந்தாள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவள்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாரமாகியிருந்தது, பழைய விரல்களில் பழைய அரிப்பு வந்துவிட்டது. "கீரி வாசல் பாட்டுப் பாடி அனுமதி கேட்டுட்டு கோழிக்கூட்டுக்குள்ள நுழைஞ்சா, அது விருந்தாளி ஆயிடும் இல்லையா? விருந்தாளியை மரபு தடுக்காதே."

வென்டெல் மேசையைத் தட்டினார். "அற்புதம். ஃபுமியே, எழுதிக்கோ."

கியாவே கவேஹியை வெகுநேரம் பார்த்தார். "கோழி பதில் பாடுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார், சமையலறை வழியாக.

அடுத்த விஷயம் இலை. ஆடுகிறவர்கள் அணியும் பெரணி இலையையும் கொடியையும் காட்டில் பறிக்கும் முன்னால் காட்டிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது வழக்கம், எல்லாரும் கேட்கிறார்கள். ஆனால் காடு சம்மதித்ததா என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார் வென்டெல். "கேட்டேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. காடு என்ன சொல்லுச்சு? அதை யாரு பார்த்தா?"

"காத்து வீசுனா சம்மதம்னு அர்த்தம்," என்றாள் டோலி. அன்று வேறு விஷயமாக வந்திருந்தாள்.

"எந்தப் பக்கம் வீசணும்?"

"இலைப் பக்கம்."

"வேகம்?"

இதைச் சொல்லும்போது வென்டெல் கழுத்தில் கிடந்த பூமாலை, பெருங்கடையில் வாங்கிய பிளாஸ்டிக். அதைக் கவேஹி கவனித்தாள். கவனித்துவிட்டு, குறிப்பில், "குழுத் தலைவரின் மாலை காட்டைத் துன்புறுத்தாதது" என்று சேர்க்கச் சொன்னாள். வென்டெல் கைகூப்பினார்.

*

டோலி உள்ளே வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். வாசலில் நின்று அவள் பாடினாள். உள்ளே கவேஹி. பதில் பாடும் உரிமை இந்த ஊரில் அவள் ஒருத்திக்கு மட்டும். நாற்பது வருஷத் தோழி. வாயைத் திறந்து பதில் பாடினால் முடிந்துபோகிற விஷயம்.

கவேஹி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ரெண்டாவது அடியில குரல் கொஞ்சம் இறங்குது டோலி. இன்னொரு வாட்டி."

"என்னடி சொன்ன?"

"இறங்குது."

"மழையில நிக்கிறேன்டி!"

"முன்னோரும் மழையிலதான் நின்னாங்க."

டோலி இன்னொரு தடவை பாடினாள். பாடும்போது அவள் பார்வை ஈட்டி மாதிரி இருந்தது. கவேஹி கண்ணை மூடிக்கொண்டு, ரசித்து, பதில் பாடினாள். உள்ளே வந்த டோலி துண்டைப் பிடுங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு சொன்னாள்: "உனக்கு முட்டியை மட்டும் மாத்தறாங்களா, இல்ல அங்க போனதும் தலையையும் மாத்தச் சொல்லட்டுமா?"

கவேஹிக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. வெட்கத்தால் அல்ல, அந்தப் பதில் பாட்டு எவ்வளவு நன்றாக வந்தது என்று நினைத்து.

அதற்கான தண்டனை மறுநாளே வந்தது. விழாவுக்கான இறுதி விதிகளை வென்டெல் வாசித்தார். ஒவ்வொரு குழுவும் மேடைக்கு வெளியே நின்று வாசல் பாட்டுப் பாடும். மேடைக்குள்ளிருந்து பதில் பாட்டு வந்தபின்தான் ஏறலாம். பதில் பாடுபவர்: உறுப்பினர் கவேஹி நகோவா.

"சரி," என்றாள் கவேஹி. "எங்க குழு ஏறும்போது வேற யாராவது பதில் பாடட்டும். நான் ஆடணும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்காவது கத்துத் தரேன். உனக்கே கத்துத் தரேன், வென்டெல். நாலு வரிதான்."

வென்டெல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. நான் மரபைக் காக்கறவன். தெரிஞ்சு வெச்சுக்கறவன் இல்ல. காவல்காரன் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கக் கூடாது. பார்த்தா அவன் மேலயே சந்தேகம் வரும்."

"ஃபுமியே?"

"எங்க வீட்டு நாயைப் பத்திச் சொன்னேனே ஆன்ட்டி."

"அப்ப நான் உறுப்பினர் பதவியை விட்டுடறேன்."

"தாராளமா," என்றார் வென்டெல். "ஆனா ராஜினாமாவை முன்வாசல் வழியாத்தான் வாங்குவோம். வெளிய நின்னு பாடுங்க, பதில் வந்ததும் உள்ள வந்து கொடுங்க."

"பதில் யாரு பாடுவாங்க?"

"நீங்கதான்."

கவேஹி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் வருமென்று காத்திருந்தாள். வந்ததோ பெருமை. இந்தப் பையனை நான் எவ்வளவு நன்றாக உருவாக்கியிருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகுதான் தன் முழங்கால் ஞாபகம் வந்து, சமையலறையில் போய் அழுதாள். சமையலறைக் கதவுக்கு வெளியே காத்திருந்த டோலி அவளுக்கு ஒரு சர்க்கரை வடையைக் கொடுத்து, "தின்னுட்டு அழு," என்றாள்.

"நான் பதில் பாடலன்னா நீங்க யாரும் ஆட முடியாது. பாடினா நான் ஆட முடியாது."

"நீ ஆடலன்னா கடைசி வரிசை அழகாத்தான் இருக்கும்," என்றாள் டோலி. கவேஹி வடை தின்பதை நிறுத்தினாள். டோலி அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். "ஆனா எனக்குப் பின்னாடி தப்பா திரும்ப ஆளிருக்கணும்டி. இல்லன்னா என் தப்பு தெரிஞ்சுபோகும். வந்து எங்களோட நில்லு. அவனுங்க என்ன பண்றானுங்கன்னு பார்ப்போம்."

*

விழா, பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் ஒலிபெருக்கியே பாதிதான் கேட்டது. பக்கத்துப் பந்தலில் இலையில் கட்டி வேகவைத்த பன்றி இறைச்சியும் சேம்பங்கிழங்குக் களியும் தயாராகிக்கொண்டிருந்தன. அந்த வாசனை கூடத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தவர்களை ஒரு மணி நேரமாகத் துன்புறுத்திக்கொண்டிருந்தது.

முதல் குழுக்களுக்குக் கவேஹி மேடையில் நின்று பதில் பாடினாள். அவள் குரலும் அன்று நன்றாகத்தான் இருந்தது. தன் குழுவின் முறை வந்ததும் ஒலிவாங்கியை அதன் தாங்கியில் மாட்டிவிட்டு, பக்கப் படியில் ஒவ்வொரு காலாகக் கீழே இறங்கினாள். சுவரோரமாக நடந்து, கூடத்தின் வாசலில் வரிசையாக நின்ற பெண்களின் கடைசியில், டோலிக்குப் பின்னால் போய் நின்றாள். கியாவே திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த தாளச் சுரைக்குடுக்கையைத் தட்டினார்.

பெண்கள் வாசல் பாட்டைப் பாடினார்கள். கவேஹியும் பாடினாள்.

பதில் இல்லை.

மேடையில் ஒலிவாங்கி மட்டும் நின்றது. கூடம் முழுக்க மேடையைப் பார்த்தது. மேடையில் யாருமில்லை என்பதைப் பார்த்தது. திரும்பி வாசலைப் பார்த்தது. ஒருவரும் அசையவில்லை. இந்த ஊர்க்காரர்கள் வேறெதற்கும் பொறுமையில்லாதவர்கள். பதில் பாட்டுக்கு மட்டும் விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் மறுபடி பாடினார்கள். மழையும் மறுபடி பாடியது.

வென்டெல் மேடையில் ஏறினார். நடந்து வரும்போதே அவர் முகத்தில் வேர்வை. ஒலிவாங்கியைப் பிடித்தார். வாயைத் திறந்தார். மூடினார். நானூறு பேர் காத்திருந்தார்கள். மரபைக் காக்கிறவருக்கு மரபிலிருந்து ஒரு வரியாவது வேண்டியிருந்தது. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஹவாய் மொழி வாசகம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பிறந்ததிலிருந்து ஒவ்வொரு விருந்திலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு, கணீரென்ற குரலில் அதைச் சொன்னார்.

அது சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம்.

முதல் வார்த்தையிலேயே நானூறு பேரும் தலைகுனிந்தார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நடுவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். அவர் முடித்ததும் கூடம் ஒரே குரலாக "ஆமென்" என்றது. ஒரே அசைவாக எழுந்தது. பந்தலை நோக்கி நடந்தது. வரிசையில் முதியோர் முன்னால், குழந்தைகள் பின்னால், வழக்கம்போல. யாரும் யாரையும் தள்ளவில்லை.

"இது பதிலா?" என்று கவேஹி டோலியிடம் கிசுகிசுத்தாள்.

"உள்ள வான்னு சொல்லலதான். ஆனா சாப்பிடுன்னு சொல்லியாச்சு. அதைவிட வேற என்ன வரவேற்பு வேணும்? நட."

கியாவே குடுக்கையை அடித்தார். அவர்கள் நடந்தார்கள்.

கவேஹி ஆடினாள். முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி, கீரி வாசலில் நின்று கோழியிடம் அனுமதி கேட்கிற அடியிலிருந்து தொடங்கினாள். அந்த அடி அவளே கொண்டுவந்தது. ஆடும்போதுதான் அது எவ்வளவு மடத்தனமாக இருக்கிறதென்று தெரிந்தது. ஓர் இடத்தில் எல்லாரும் கடலைக் காட்ட, அவள் மலையைக் காட்டினாள். நாற்காலிகள் காலியாக இருந்தன. கூடத்தின் பக்கக் கதவுகளுக்கு வெளியே தட்டோடு வரிசையில் நின்றவர்கள் கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது முழங்காலுக்குள் யாரோ சரளைக்கல் அரைத்தார்கள். அவளுக்கு அது பொருட்டாகவே படவில்லை. இத்தனை வருஷம் டோலியின் முதுகை மட்டும் பார்த்து ஆடியவள், இன்று அந்த முதுகு ஒரு மேடையில் ஆடுவதைப் பார்த்தாள். அதுவே போதுமாயிருந்தது.

கடைசி அடி வந்தது. முட்டை பொறுக்க எல்லாரும் மண்டியிட்டார்கள். கைகள் தரையைத் தொட்டு, சேர்த்து, உயர்ந்தன. குடுக்கை நின்றது. எல்லாரும் எழுந்து வணங்கி, வரிசையாக மேடையை விட்டு இறங்கினார்கள்.

கவேஹியைத் தவிர.

"எந்திரிடி," என்று டோலி படியிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"முடியல."

"விளையாடாத."

"சத்தியமா முடியல. ரெண்டும் பூட்டிக்கிச்சு."

வெறும் மேடை நடுவில் அவள் மண்டியிட்டு, தலை குனிந்து, இரண்டு கைகளும் தரையில் ஊன்றி, முகத்தை வலியில் சுளித்துக்கொண்டு இருந்தாள். பந்தல் வரிசை முழுக்க அவளைப் பார்த்தது. வென்டெலும் பார்த்தார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சோற்று ஜெபம் சொன்ன மனிதருக்கு மானத்தை மீட்டெடுக்க ஏதாவது வேண்டியிருந்தது. ஒலிவாங்கிக்கு ஓடினார்.

"அன்பான ஊர்மக்களே! தட்டோட அப்படியே நில்லுங்க! தயவுசெஞ்சு யாரும் சாப்பிடாதீங்க! நாம இப்ப பார்க்கறது சாதாரண விஷயம் இல்ல. ஆட்டம் முடிஞ்சப்புறம், எல்லாரும் போனப்புறம், ஒரு மூத்தவர் மட்டும் பின்தங்கி நிலத்துக்கு நன்றி சொல்றாங்க. நம்ம முன்னோரோட இந்த வழக்கம் அழிஞ்சுபோச்சுன்னு நான் பயந்துட்டிருந்தேன். என் வாழ்நாள்ல இதை நான் பார்த்ததே இல்ல. அவ்வளவு பழமையானது! அவங்க எழுந்திருக்கிற வரைக்கும் நாம மரியாதையா நிப்போம்."

நானூறு பேர் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். இறைச்சியிலிருந்து ஆவி எழுந்தது.

"டோலி, தூக்கிவிடேன்," என்று கவேஹி முனகினாள்.

"எப்படிடி வர்றது? நீ ஜெபம் பண்றியாம்! வந்து தொட்டா பாவம்."

"அவன்கிட்ட சொல்லு, எனக்கு முட்டி பூட்டிக்கிச்சுன்னு."

"நீயே சொல்லு. நீதானே உறுப்பினர்."

கவேஹி வாயைத் திறந்தாள். சொல்லியிருக்கலாம். ஆனால் நானூறு பேர் மரியாதையாக நிற்கிறார்கள், அவளுக்காக நிற்கிறார்கள். முப்பது வருஷம் மக்களை வரிசையில் நிறுத்தியவளுக்கு இப்படி ஒரு வரிசை ஒருநாளும் அமைந்ததில்லை. வாயை மூடிக்கொண்டு தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள். கூட்டத்தில் யாரோ விம்மினார்கள்.

கடைசியில் கியாவேதான் வந்தார். குனிந்து, அவளை மண்டியிட்ட வடிவத்திலேயே, முழங்கால் மடங்கியபடியே, மேசையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அவர் காதில் அவள், "மன்னிச்சுடுங்க," என்றாள். "நல்லாத்தான் ஆடுன," என்றார் கியாவே. "கடலு அந்தப் பக்கம் இருக்கு. மத்தபடி நல்லாத்தான் ஆடுன."

ஒலிபெருக்கியில் வென்டெலின் குரல் நடுங்கியது: "பாருங்க! ஆசானே சுமந்துபோற வழக்கம்!"

*

அடுத்த வருஷ விழாவுக்குக் கவேஹி இரண்டு புது முழங்கால்களோடு, மேடையோரம் போட்ட மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூத்தோர் வணக்கத்துக்கு எனத் தனி மதிப்பெண் இப்போது உண்டு. ஒவ்வொரு குழுவும் ஆட்டம் முடிந்ததும் ஒரு வயதான பெண்ணை மேடையில் விட்டுவிட்டுப் போகிறது. அவளைத் தூக்கிவர வாட்டசாட்டமான ஆள் இல்லாத குழுக்கள் பக்கத்து ஊரிலிருந்து வரவழைக்கின்றன. அதுவரை யாரும் சாப்பிடுவதில்லை. ஹீலோ நகரத்தில் ஒருவர் இதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம்.

அடுத்து ஆட இருந்த குழுவின் மூத்தவள், அறுபதைத் தொட்டவள், நல்ல முழங்கால்காரி, பதற்றத்தோடு கவேஹியின் காதருகே குனிந்தாள்.

"ஆன்ட்டி, இந்த வணக்கத்தை முதல்ல பண்ணவங்க நீங்கதானே. கையும் காலும் சரியா வருது. முகத்தை எப்படி வெச்சுக்கணும்னுதான் தெரியல. சிரிக்கணுமா, அழணுமா?"

இதுதான் நேரம் என்று கவேஹிக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் இந்தப் பெண்மணி நிம்மதியாக எழுந்து போவாள். எல்லாரும் சூடாகச் சாப்பிடுவார்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து டோலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவேஹி முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"வலிக்கிற மாதிரி வெச்சுக்கோ," என்றாள். "அதுதான் மரபு."